ஓட்டைக் காலணாவும் ஒத்திவைத்த கூலியும்

பழைய நாணயங்களை எறியாமல் வைத்திருக்கும் வீடுகளில் ஓட்டைக் காலணா ஒன்றிரண்டாவது அகப்படும். நடுவே வட்டமாகத் துளையிட்ட வெண்கலக் காசு. எதற்கும் உதவாத ஒன்றைச் சொல்ல அதன் பெயரையே உவமையாக்கிக்கொண்ட தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அந்தத் துளை அழகுக்காக இடப்பட்டதன்று. 1943 முதல் 1947 வரை வெளிவந்த இக்காசின் எடை ஏறக்குறைய 2 கிராம். அதற்கு முன்பிருந்த காலணாவோ ஏறக்குறைய 5 கிராம். மிச்சப்பட்ட செம்பு போருக்குப் போயிற்று. வெள்ளி ரூபாயின் கதையும் இதுவே. நூற்றுக்கு 91 பங்குக்கு மேலிருந்த வெள்ளி 1940இல் சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா தலை பொறித்த பழைய ரூபாய்கள் செல்லாதவையாக்கப்பட்டன. பின்னர் எட்வர்டு, ஜார்ஜ் மன்னர்களின் நல்ல வெள்ளி ரூபாய்களும் அவற்றைத் தொடர்ந்தன. முதல் உலகப் போரின்போது பிறந்து 1926இல் நின்றுபோயிருந்த ஒரு ரூபாய்த் தாள் 1940இல் மறுபடியும் தலைகாட்டியது.

போரைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் படைத்தலைவர்களையும் களங்களையும் பற்றியவை. ஆனால் ஒரு தேசம் போருக்கு அணியமாவது என்பது அடிப்படையில் ஒரு கணக்கு விவகாரம். ஓராண்டில் நாடு விளைவிப்பதும் உற்பத்தி செய்வதும் ஓர் அளவுக்குட்பட்டவை. அவற்றில் பாதியைப் பீரங்கிக்கும் கப்பலுக்கும் படைவீரனின் உணவுக்கும் ஒதுக்க வேண்டுமானால், அந்தப் பாதியை யாரோ ஒருவர் உண்ணாமலும் உடுத்தாமலும் விட்டுத்தர வேண்டும். யார் விட்டுத்தருவது, எந்த வழியில் அவர்களிடமிருந்து பெறுவது, பெற்றதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பவையே கேள்விகள். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் அமர்ந்திருந்த ஒரே அமைச்சரவை, ஒரே காலத்தில், இக்கேள்விகளுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விடைகளைக் கண்டது. ஒரு நாடு பிரிட்டன், மற்றது இந்தியா. இவ்விரு கணக்கேடுகளும் தனித்தனியாகப் பலமுறை படிக்கப்பட்டவை. அருகருகே வைத்துப் படிக்கும்போது புலப்படுவதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பிரிட்டன். போர் தொடங்கிய நான்காம் வாரத்தில், 1939 செப்டம்பர் 29ஆம் நாள், ஏறக்குறைய 65,000 கணக்கெடுப்பாளர்கள் அந்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினர். 4 கோடிக்கு மேற்பட்டோரின் பெயர், பிறந்த நாள், தொழில் ஆகியவை பதிவாயின. ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையும் எண்ணும் தரப்பட்டன. பின்னால் நிகழ்ந்த அனைத்துக்கும் இந்தப் பதிவேடே அடித்தளம். யாரைப் படைக்கு அழைப்பது, யாருக்கு எவ்வளவு வெண்ணெய் கொடுப்பது என்று இரண்டையும் அதே ஏட்டைப் புரட்டித்தான் முடிவு செய்தார்கள். 1940 மே 22 அன்று, பிரான்சு சரிந்துகொண்டிருந்த வேளையில், ஒரே நாளில் நாடாளுமன்றத்தின் எல்லாப் படிகளையும் கடந்து ஒரு சட்டம் நிறைவேறியது. குடிமக்களின் உடலுழைப்பையும் உடைமையையும் தேவைப்படும்போது அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது அச்சட்டம். தனிமனித உரிமையைப் பற்றி உலகுக்கு உபதேசித்து வந்த நாடு அது என்பதை நினைவிற்கொண்டால், அந்த ஒரு நாளின் எடை விளங்கும்.

அந்த அதிகாரத்தைக் கையில் வாங்கியவர்களுள் முதன்மையானவர் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டு, வண்டியோட்டியாகப் பிழைத்து, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். முதலாளிகளிடம் எந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தாலும் தொழிலாளர் கொந்தளித்திருப்பார்களோ, அந்த அதிகாரத்தைத் தங்கள் ஆளிடம் கொடுத்ததால் பொறுத்துக்கொண்டார்கள். 1941 மார்ச்சில் வந்த ஆணைப்படி, போருக்கு இன்றியமையாதது என்று அறிவிக்கப்பட்ட ஆலையில் தொழிலாளி வேலையை விட்டு நீங்க முடியாது; முதலாளியும் அவனை நீக்க முடியாது. அவ்வாறு அறிவிக்கப்பட வேண்டுமானால் கூலியும் வேலைச்சூழலும் குறித்த தரத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் பெவின் சேர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில் 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தது. துணைப்படை, குடிமைப் பாதுகாப்பு, ஆலை ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்பது மட்டும் அவர்கள் விருப்பம். 1943 இறுதியில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் போதாமற்போனபோது, குலுக்கலில் ஓர் இலக்கம் எடுக்கப்படும். பதிவெண் அந்த இலக்கத்தில் முடியும் இளைஞன் படைக்குப் போக ஆசைப்பட்டிருந்தாலும், செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாயிருந்தாலும், சுரங்கத்திற்குள் இறங்க வேண்டியதுதான். பெவின் பையன்கள் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8ஆம் நாள் தொடங்கியது. வாரத்துக்குத் தலைக்கு 4 அவுன்சு பன்றியிறைச்சி, 4 அவுன்சு வெண்ணெய், 12 அவுன்சு சர்க்கரை. மார்ச்சில் இறைச்சி, ஜூலையில் தேயிலை, மறு ஆண்டில் பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. பல்பொருள் அங்காடிகளை நடத்தி வணிகம் பயின்ற வுல்ட்டன் பிரபு உணவு அமைச்சரானார். தட்டுப்பாட்டை மறைக்காமல் வானொலியில் நேராகப் பேசியதும், கடைக்காரரின் கோணத்திலிருந்து திட்டமிட்டதும் அவருடைய வெற்றிக்குக் காரணங்கள். கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட் பால் மலிவாகவோ இலவசமாகவோ 1940 முதல் கிடைத்தது. பிறகு ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் சேர்ந்தன. ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டும் போர் முடியும்வரை பங்கீட்டுக்குள் வரவேயில்லை. சுவைக்கானவற்றை அளந்து கொடுத்தாலும் வயிற்றை நிரப்பும் பொருள்களில் கைவைக்கக் கூடாது என்பது தெளிவாகச் சிந்தித்து எடுக்கப்பட்ட முடிவு.

துணிப் பங்கீட்டில் ஒரு சுவையான செய்தி உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் வசதி படைத்தவர்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் என்பதால், 1941 ஜூன் 1 அன்று அறிவிப்பும் நடைமுறையும் ஒருசேர வந்தன. கூப்பன் அச்சடித்தால் செய்தி கசிந்துவிடுமே? உணவுப் புத்தகத்தில் மார்கரினுக்கென அச்சிடப்பட்டிருந்த பக்கம் பயன்படாமல் கிடந்தது. அதையே துணிக் கூப்பன் என்று அறிவித்துவிட்டார்கள். ஓர் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன்.

இவையெல்லாம் குறையற்ற ஏற்பாடுகள் அல்ல. உணவகத்தில் உண்பதற்குக் கூப்பன் தேவைப்படவில்லை. எனவே பணக்காரர்கள் இரண்டு முறை உண்ண முடிந்தது. முணுமுணுப்பு வலுத்த பிறகு 1942இல் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கள்ளச்சந்தையும் இருந்தது. விமானம் செய்வதற்கென்று 1940இல் இல்லத்தரசிகள் அள்ளிக் கொடுத்த அலுமினியப் பாத்திரங்களால் விமானத் தொழிலுக்குக் கிடைத்தது சொற்பமே; மனம் ஒன்றுபடுவதற்கு உதவியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் பங்கீடு மட்டும் போதாது. போர் ஆலைகளில் இரவும் பகலும் வேலை, கையில் கூலி நிறைய, வாங்கவோ பொருளில்லை. அந்தக் கூடுதல் பணம் சந்தைக்குள் பாய்ந்தால் விலைகள் எங்கே போய் நிற்கும்? இந்தக் கேள்வியைத்தான் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் கையிலெடுத்தார். 1939 நவம்பரில் 'டைம்ஸ்' நாளேட்டில் கட்டுரைகளாக எழுதி, 1940 பிப்ரவரியில் 'போருக்குப் பணம் தருவது எப்படி' என்ற சிறுநூலாக வெளியிட்டார். இன்று வாசித்தாலும் வியப்பளிக்கும் நூல். அதில் அவர் செய்யும் முதல் வேலை, முந்தைய போர் எப்படி நடத்தப்பட்டது என்பதை உடைத்துக் காட்டுவது. அரசு பணத்தைக் கொட்டுகிறது, விலைகள் ஏறுகின்றன, கூலி பின்தங்குகிறது, இடைவெளி முழுதும் முதலாளிகளிடம் இலாபமாகக் குவிகிறது, அவர்களிடமிருந்து அரசு வரியாகவும் கடனாகவும் அதைப் பெற்றுக்கொள்கிறது. அதாவது இலாபம் ஈட்டுவோரே அரசின் வரிவசூல்காரர்களாக அமைந்துவிடுகிறார்கள். தொழிலாளி உண்மையில் போருக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டான். ஆனால் போர் முடிந்தபின் கடன் பத்திரங்கள் இருப்பதோ முதலாளியின் பெட்டியில். இது பொருளியல் பிழை என்பதைவிட அநீதி என்றே கெய்ன்ஸ் கருதினார்.

அவர் முன்வைத்த மாற்று வழி, ஒத்திவைத்த கூலி. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதியை அரசு இப்போது பிடித்துக்கொள்ளும். அவன் பெயரிலேயே கணக்கு வைக்கும். போருக்குப்பின் திருப்பித் தரும். நுகர்வு இன்று குறைகிறது; உரிமை அழிவதில்லை. 1941 ஏப்ரலில் நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் அளித்த வரவுசெலவுத் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. ஜேம்ஸ் மீட், ரிச்சர்டு ஸ்டோன் ஆகிய இளம் பொருளியலாளர் இருவர் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தனர். வருமான வரி பவுண்டுக்கு 10 ஷில்லிங், அதாவது சரிபாதி. மிக உயர்ந்த வருமானத்தின் மேல்தட்டில் 20 ஷில்லிங்குக்கு 19 ஷில்லிங் 6 பென்ஸ். போரினால் கிடைத்த மிகை இலாபத்துக்கு 1940 முதல் நூற்றுக்கு நூறு வரி. புதிதாக வரிவலைக்குள் வந்த எளியவர்களுக்கு, கூடுதலாகப் பிடித்த தொகை போருக்குப் பிந்தைய வரவாக அவரவர் பெயரில் எழுதப்பட்டது. மறுபுறம், அடிப்படை உணவுப் பொருள்களுக்கு அரசு மானியம் கொடுத்து விலையைப் பிடித்து நிறுத்தியது. போர்க்காலம் முழுவதிலும் அரசு வெளியிட்ட வாழ்க்கைச் செலவுக் குறியீடு ஏறியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. போர் முடியும்போது அந்நாட்டில் குழந்தை இறப்பு வீதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் போருக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை மறந்துவிடக் கூடாது.

நிற்க. கெய்ன்ஸின் வாழ்க்கையில் இந்தியா ஒரு சிறிய அத்தியாயம். 1906இல் லண்டனின் இந்தியா அலுவலகத்தில் சேர்ந்து இரண்டாண்டு பணிபுரிந்தவர். 1913இல் வெளிவந்த அவருடைய முதல் நூலே இந்திய நாணயமும் நிதியும் பற்றியது. இந்த நாட்டில் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் ரூபாய் எப்படிப் பிறக்கிறது என்பது அவரளவுக்குத் தெரிந்தவர்கள் லண்டனில் சிலரே.

இனி இரண்டாம் கணக்கேடு. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, இந்தியா போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. எதிர்ப்புத் தெரிவித்துக் காங்கிரசு மாகாண அரசுகள் விலகின. சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி துறந்தது. பிரிட்டனில் பெவின் வழியாகத் தொழிலாளரின் இசைவு பெறப்பட்டதுபோல இங்கே இசைவு பெறுவதற்கு எவரும் மிஞ்சவில்லை. எஞ்சியது இந்தியப் பாதுகாப்புச் சட்டம்.

அந்த ஆண்டிறுதியில் லண்டனுக்கும் டெல்லிக்கும் இடையே பாதுகாப்புச் செலவு பற்றி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அமைதிக் காலத்து வழக்கமான படைச்செலவும், இந்தியாவின் நலனுக்கே உரிய போர்ச்செலவும் இந்தியாவைச் சேரும், மற்றவை பிரிட்டனுடையவை. எழுத்தளவில் இது தாராளமான ஏற்பாடு. இந்தியாவில் அப்போது அப்படிப் புகழ்ந்தவர்களும் உண்டு. சூழ்ச்சி, அல்லது சூழ்ச்சி என்று சொல்லாவிட்டால் சிக்கல், பணம் கைமாறிய முறையில் இருந்தது.

ஓர் ஆலை படைக்குக் கூடாரத்துணி நெய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்கு ரூபாயில் இங்கேயே பணம் கொடுக்கப்படுகிறது. செலவு பிரிட்டனின் கணக்கைச் சேர்ந்தது என்றால், அத்தொகைக்குரிய பவுண்டு லண்டனில் ரிசர்வ் வங்கியின் பெயரில் வரவு வைக்கப்படும். அந்த வரவை வைத்துக்கொண்டு போருக்கு நடுவில் இந்தியா எதையும் இறக்குமதி செய்ய முடியாது. கப்பலும் இல்லை, விற்கப் பொருளும் இல்லை. ஆனால் அந்தப் பவுண்டுப் பத்திரங்களைச் சொத்தாகக் காட்டி ரிசர்வ் வங்கி புதிய ரூபாய்த் தாள்களை அச்சிடலாம்; சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அப்படித்தான் அச்சிட்டது. துணி வெளியே போயிற்று. தாள் உள்ளே வந்தது. போர் தொடங்கியபோது ஏறக்குறைய 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945இல் போர் முடிந்தபோது ஆறு மடங்கைத் தாண்டியிருந்தது. லண்டனில் இந்தியாவின் வரவு ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. நூறாண்டுக்கு மேலாகக் கடன்பட்டிருந்த நாடு கடன் கொடுத்த நாடாயிற்று என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

மகிழ்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய பவுண்டுக் கடன் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் தீர்ந்தது. ஆனால் அந்த 130 கோடிப் பவுண்டு யாருடைய சேமிப்பு? பிரிட்டனில் செய்ததுபோல வரியும் பங்கீடும் முதலில் வந்து, பணம் பின்னால் வரவில்லை. பணம் முதலில் வந்தது, விலை ஏறியது, கூலி எட்டாத உயரத்துக்குப் போனவன் வாங்குவதை நிறுத்தினான், அவன் வாங்காமல் விட்டது படைக்குப் போயிற்று. இந்தியாவிலும் மிகை இலாப வரி இருந்தது: 1940இல் நூற்றுக்கு 50, மறு ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு. பிரிட்டனில் நூறு என்பதை மேலே கண்டோம். மொத்த விலைக் குறியீடு 1943இல் போருக்கு முன்பிருந்ததைப் போல இரண்டரை மடங்கை நெருங்கியது. கெய்ன்ஸ் தம் நூலில் எந்த வழியை அநீதி என்று கூறி ஒதுக்கினாரோ அதே வழி, அவர் ஆலோசகராக இருந்த கருவூலத்தின் கண்ணெதிரே, இந்தியாவில் வரிக்கு வரி நடந்தேறியது.

நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தென்னிந்தியாவின் பல பகுதிகள் பர்மா அரிசியை நம்பியிருந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டது. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த தமிழர்களின் பின்னால் அரிசி வரவில்லை. தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிவந்த திருவிதாங்கூரில் மரவள்ளிக்கிழங்கே பலருடைய அன்றாட உணவாயிற்று. ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவில் தோன்றியபோது சென்னை நகரத்தை மக்கள் கூட்டங்கூட்டமாகக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தன. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் தப்பிவிடக் கூடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. முன்பு போர்க்குணமற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த தென்னாட்டவருக்காகப் படையின் கதவு மறுபடியும் திறந்தது. 1939இல் ஏறக்குறைய 2 இலட்சம் பேராயிருந்த இந்தியப் படை 1945இல் 25 இலட்சத்தை எட்டியது. எவரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அரிசி விலை செய்த கட்டாயம் அந்தக் கணக்கில் சேராது. இலக்கிய வாசகர்களுக்கு ஒரு செய்தி: 1942 இறுதியில் ஆலைத் தாளில் பெரும்பகுதியை அரசு தனக்கென எடுத்துக்கொண்டது. அக்காலத்துத் தமிழ் இதழ்களும் நூல்களும் மெலிந்தும் பழுப்பேறியும் காணப்படுவதன் காரணம் அது.

இவற்றையெல்லாம் பொறுக்கலாம் என்று சொல்லிவிட முடியும், வங்காளம் இல்லையானால்.

1942 மே முதல், ஜப்பானியர் தரையிறங்கினால் அவர்களுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்ற கொள்கையின்படி, கடலோர வங்காளத்திலிருந்து அரிசி அப்புறப்படுத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்டிருந்த 66 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாட்டுப் படகுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அகற்றப்பட்டது அல்லது அழிக்கப்பட்டது. ஆறுகளே சாலைகளாக உள்ள நாட்டில் படகைப் பறிப்பது மீனவனின் பிழைப்பை மட்டுமன்றிச் சந்தையையும் பறிப்பதாகும். அக்டோபரில் மிதினாப்பூரைப் புயல் தாக்கியது. நெற்பயிரில் பூஞ்சை நோயும் பரவியது. இதற்கிடையே கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர், இரயில்வே, துறைமுக ஊழியர், அரசுப் பணியாளர் ஆகியோர் முன்னுரிமை வகுப்பார் என்று வரையறுக்கப்பட்டனர். போர் உற்பத்தி தடைபடக் கூடாது என்பதற்காக அவர்களுக்கு மலிவு விலையில் அரிசி உறுதி செய்யப்பட்டது. அந்த அரிசி கிராமப்புறத்துச் சந்தையிலிருந்துதான் என்ன விலை கொடுத்தேனும் வாங்கப்பட்டது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்குக்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, 1943 மார்ச்சில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, மே மாதத்தில் 30 ரூபாயையும் ஆகஸ்டில் 37 ரூபாயையும் எட்டியது. கிழக்கு மாவட்டங்களில் இதைவிட மிக அதிகம்.

செத்தவர்கள் யார் என்பதைப் பார்த்தால் இந்தப் பொருளாதாரம் எப்படி வேலை செய்தது என்பது தெரியும். விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குற்றும் பெண்கள், கிராமத்துக் கைவினைஞர்கள். கல்கத்தாவின் முன்னுரிமை வகுப்பார் தப்பினர். விசாரணைக் குழு 15 இலட்சம் சாவுகள் என்று 1945இல் கூறியது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 இலட்சத்துக்கு அருகில் மதிப்பிடுகின்றனர். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில், 1943இன் உணவு இருப்பு அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 விழுக்காடு மட்டுமே குறைவு என்றும், பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம் என்றும் காட்டினார். பயிர்நோயைக் கணக்கில் கொள்ளாமல் அரசின் விளைச்சல் மதிப்பீட்டை நம்பிவிட்டார் என்று அவரை மறுப்போரும் உள்ளனர். பற்றாக்குறையின் அளவு எதுவாயினும், அது எவர் தலையில் இறங்கியது என்பதை முடிவு செய்தவை விலையும் முன்னுரிமைப் பட்டியலும்தாம்.

வெளியிலிருந்து தானியம் வந்திருக்கலாம். 1943 ஜனவரியில் பிரிட்டனின் இறக்குமதியைக் காப்பதற்காக இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்கள் பாதிக்கு மேல் குறைக்கப்பட்டிருந்தன. 5 இலட்சம் டன் கோதுமை வேண்டும் என்ற டெல்லியின் கோரிக்கையை ஆகஸ்டு 4 அன்று போர் அமைச்சரவை ஏற்கவில்லை. ஈராக்கின் வாற்கோதுமையும் ஆஸ்திரேலியக் கோதுமையும் சிறிதளவு தர முன்வந்தது. பிரிட்டனின் தட்டில் ரொட்டி அளவில்லாமல் இருக்க வேண்டும் என்ற அதே கொள்கையின் மறுபக்கம் இது. அக்டோபரில் வேவல் பிரபு வைஸ்ராயாக வந்து படையைக் கொண்டு உணவு வழங்கியதும், 1944 தொடக்கத்தில் கல்கத்தாவில் முறையான பங்கீடு வந்ததும், பெருந்தொகையானவர்கள் செத்த பிறகே.

இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதா? பணவீக்கத்தின் வழியே இந்திய ஏழைகளின் நுகர்வைப் பிழிந்தெடுப்பது அறிந்தே வகுக்கப்பட்ட கொள்கை என்றும், கெய்ன்ஸுக்கும் அதில் பங்குண்டு என்றும் பொருளியல் அறிஞர் உத்சா பட்நாயக் வாதிடுகிறார். சர்ச்சிலின் வன்மத்தை முன்னிறுத்துவோரும் உள்ளனர். அவ்வளவு தூரம் செல்லச் சான்றுகள் போதுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே வேளையில், வேறு வழி இருக்கவில்லை என்ற எதிர்வாதத்தையும் ஏற்க முடியவில்லை. 40 கோடி மக்களுக்கு, பெரும்பாலும் எழுத்தறியாத கிராமங்களில், பதிவேடு எழுதவும் பங்கீடு நடத்தவும் எந்த அரசு இயந்திரமும் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் அதே வேகத்தில் நோட்டு அச்சிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கும் நூல், லண்டனில் 1940இலேயே கடைகளில் விற்பனைக்கு இருந்தது. யாருடைய வாக்கு தேவையோ அவர்களுக்கு வரியும் ரசீதும். யாருடைய வாக்கு தேவையில்லையோ அவர்களுக்கு விலைவாசி. இதற்குச் சதியாலோசனை வேண்டியதில்லை; கவனியாமல் இருப்பதே போதும்.

கணக்கு முடிந்த விதத்தையும் பார்த்துவிடலாம். இந்தியாவின் பவுண்டு வரவில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற பேச்சு லண்டனில் இருந்துகொண்டேயிருந்தது. இந்தியாவைக் காத்ததற்காகப் பிரிட்டன் எதிர்க்கோரிக்கை வைக்க வேண்டும் என்பது சர்ச்சிலின் நிலைப்பாடு. தள்ளுபடி நடக்கவில்லை. 1948 உடன்பாட்டின்படி, பிரிட்டிஷார் விட்டுச்சென்ற படைத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டும், ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக அதைவிடப் பெரிய தொகை ஒன்றும் அதிலிருந்து கழிந்தன. 1949இல் பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக 30 விழுக்காடு குறைக்கப்பட்டபோது மீதியிருந்ததன் மதிப்பும் அதனோடு இறங்கியது. எஞ்சியது ஐம்பதுகளின் இறக்குமதிக்கும் திட்டச் செலவுக்கும் கரைந்தது. அணைக்கும் ஆலைக்கும் பயன்பட்டது என்ற அளவில் நல்லதே. மிதினாப்பூரின் நெல் குற்றும் பெண்ணின் பெயரில் அதில் எந்தக் கணக்கும் இல்லை.

பிரிட்டனில் கடைசிப் பங்கீடான இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில் முடிவுக்கு வந்தது. சென்னை மாகாணத்தில், போர்க்காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாட்டை முதலமைச்சராக மீண்டும் வந்த இராஜாஜி 1952இல் நீக்கினார். 1941இல் கூலியிலிருந்து பிடிக்கத் தொடங்கிய, போருக்குப் பிந்தைய வரவுகள் என்ற அந்தச் சிறு தொகைகளைப் பிரிட்டன் அரசு சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துவந்தது. மிஞ்சியிருந்தவற்றையும் வட்டியோடு 1970களின் தொடக்கத்தில் கொடுத்துத் தீர்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ரசீதுகளைத் தேடியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில், ஒருகாலத்து ஆலைத் தொழிலாளர்களும் அவர்களுடைய வாரிசுகளும் இருந்தார்கள்.